சிக்காகோ சமூகவியல் துறையும் அதன் ஆய்வுப் புலங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு பல்கலைக்கழகத் துறை தன் ஆய்வுப் புலங்களை வரிசைப்படுத்தி வெளியிடும் பட்டியலை நாம் பொதுவாக மாணவர் சேர்க்கைக்கான குறிப்பாகவே வாசிக்கிறோம். நகர வாழ்வு, குடிபெயர்வு, இன உறவுகள், குற்றம், குடும்பம், சமயம் என்று அப்பட்டியல் நீண்டு செல்லும். ஆனால் அதற்கு ஒரு வரலாறு உண்டு. எந்தத் துயரம் ஆராயத்தக்கது, எவருடைய வாழ்வு அறியத்தக்கது, கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு உண்டு என்பவை பற்றிய பழைய முடிவுகள் அதற்குள் அடங்கிக் கிடக்கின்றன.

இக்கட்டுரை அவ்வரலாற்றை ஒரு துறையைக் கொண்டு காண முயல்கிறது. அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் 1892இல் தொடங்கப்பெற்ற சமூகவியல் துறை அக்கல்வியின் வளர்ச்சியில் முதன்மையான இடம் பெற்றது. இறையியல் பயில்வோர் இதனைக் கவனிப்பதற்குத் தனிக் காரணமும் உண்டு. அத்துறையை நிறுவியவர் இறையியல் கல்லூரியில் பயின்றவர். அவரோடு தொடக்கமுதல் உழைத்த ஒருவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சபைப் போதகராயிருந்தவர். பின்னர் அதன் தலைவரான ஒருவர் காங்கோ நாட்டில் மிஷனெரியாகப் பணிபுரிந்தவர். திருச்சபையின் மடியில் வளர்ந்த ஓர் அறிவுத் துறை எவ்வாறு அம்மடியை விட்டு இறங்கிற்று? அதனால் பெற்றது என்ன? இழந்தது என்ன? மக்களை அறிவதும் மக்களோடு பிணைந்து நிற்பதும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும்போது இரண்டுமே குறைவுபடுகின்றன என்பதே இவ்வரலாறு நமக்குத் தரும் பாடம் எனக் கருதுகிறேன்.

1. நகரமும் பல்கலைக்கழகமும்

சிக்காகோ 1837இல் நகரமாகப் பதிவு பெற்றபோது அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 4,000 பேர். 1890ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் அத்தொகை ஏறத்தாழ 11 லட்சமாயிற்று. அவர்களுள் பத்துப் பேருக்கு நால்வர் அயல்நாடுகளில் பிறந்தவர்கள். ஜெர்மனி, அயர்லாந்து, ஸ்காண்டிநேவிய நாடுகள் முதலியவற்றிலிருந்து முதலிலும், போலந்து, இத்தாலி, ரஷியப் பேரரசின் யூதக் குடியிருப்புகள் ஆகியவற்றிலிருந்து பின்னரும் மக்கள் திரள்திரளாக வந்து இறங்கினர். கால்நடைகளை வெட்டிப் பதப்படுத்தும் பெருந்தொழிற்கூடங்களும், இரும்பாலைகளும், இரயில்வேத் தொழிற்சாலைகளும் அவர்களை விழுங்கிக்கொண்டன. ஒரு தலைமுறைக்குள் எழும்பிய இந்நகரத்தில் செல்வமும் வறுமையும் சில தெருக்களின் இடைவெளியில் அடுத்தடுத்து நின்றன.

இந்நகரத்தில்தான் பாப்டிஸ்டு சபையாரின் கல்விச் சங்கம் ஒரு பல்கலைக்கழகத்தை எழுப்ப விரும்பியது. எண்ணெய்த் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டியவரும் பாப்டிஸ்டு சபையைச் சேர்ந்தவருமான ஜான் ராக்ஃபெல்லர் 1889இல் 6,00,000 டாலர் அளிப்பதாக உறுதி கூறினார். எபிரெய மொழியிலும் பழைய ஏற்பாட்டிலும் புலமை மிக்க வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் முதல் தலைவரானார். 1892 அக்டோபரில் வகுப்புகள் தொடங்கின. சமூகவியல் துறையும் அவ்வாண்டிலேயே தொடங்கிற்று.

பிறப்பிலேயே இத்துறைக்குள் ஓர் இழுபறி அமைந்துவிட்டதை இங்கு நாம் கவனிக்கவேண்டும். ஏழைகளின் நிலையை ஆராய வந்த துறை, பெருமுதலாளியின் கொடையால் நிலைபெற்ற நிறுவனத்திற்குள் அமர்ந்திருந்தது. திருச்சபை நடத்தும் கல்வி நிறுவனங்களுக்கும் இவ்விழுபறி புதிதன்று.

2. போதகர்களின் சமூகவியல்

துறையை நிறுவிய ஆல்பியன் ஸ்மால் 1854இல் பாப்டிஸ்டுப் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். நியூட்டன் இறையியல் கல்லூரியில் பயின்றபின் பெர்லினிலும் லைப்சிக்கிலும் வரலாறும் பொருளியலும் கற்றவர். 1895இல் அவர் தொடங்கிய அமெரிக்கச் சமூகவியல் ஆய்விதழ் இன்றளவும் வெளிவருகிறது. அவ்விதழின் முதல் ஆண்டிலேயே, அப்பல்கலைக்கழகத்தின் இறையியல் பிரிவில் ஆசிரியராயிருந்த ஷெய்லர் மாத்யூஸ், கிறிஸ்தவச் சமூகவியல் என்னும் பொருள்பற்றித் தொடர் கட்டுரைகள் வரைந்தார். இயேசுவின் சமுதாயப் போதனையைப் பற்றிய அவருடைய நூல் 1897இல் வெளிவந்தது.

ஸ்மாலோடு உழைத்த சார்ல்ஸ் ஹெண்டர்சன் டெர் ஹோட், டிட்ராய்ட் ஆகிய நகரங்களில் போதகராயிருந்தபின் 1892இல் சிக்காகோ வந்தவர். பல்கலைக்கழகத்தின் சிற்றாலயப் போதகர், சமூகவியல் ஆசிரியர் என்னும் இரு பொறுப்புகளையும் ஒருங்கே வகித்தார். சிறைச்சாலை, ஏழையர் உதவி, தொழிலாளர் காப்பீடு ஆகியவை அவருடைய புலங்கள். தொழிலில் ஊனமுற்ற தொழிலாளிக்குத் தருமம் போதாது, சட்டபூர்வமான காப்பீடே வேண்டும் என்பது அவர் வாதம். உலக சமயப் பேரவை 1893இல் சிக்காகோவில் கூடியபோது அதனை முன்னின்று நடத்திய ஜான் ஹென்றி பாரோஸின் பெயரால் ஒரு சொற்பொழிவு நிதி ஏற்படுத்தப்பட்டது. அந்நிதியின்கீழ் ஹெண்டர்சன் 1912-13இல் இந்தியாவிற்கும் வந்து, மேலை நாடுகளின் சமூகத் திட்டங்களைக் குறித்து உரையாற்றினார். 1915இல் அவர் மறைந்தார்.

பல்கலைக்கழகத்திற்கு வெளியேயும் இவ்வகைப் பணி நடந்தது. சிக்காகோ இறையியல் கல்லூரியில் 1892இல் கிரகாம் டெய்லர் கிறிஸ்தவச் சமூகவியலைக் கற்பிக்கத் தொடங்கினார். 1894இல் தம் குடும்பத்தோடு ஏழைத் தொழிலாளர் நடுவே குடியேறி ஒரு பணி இல்லம் நிறுவினார். அதற்கு முன்னரே, 1889இல், ஜேன் ஆடம்ஸ், எல்லன் கேட்ஸ் ஸ்டார் என்னும் இரு பெண்மணிகள் ஹல் ஹவுஸ் என்னும் இல்லத்தைத் தொடங்கியிருந்தனர். அங்கு வாழ்ந்த பெண்கள் சுற்றுப்புறத் தெருக்களில் வீடுவீடாகச் சென்று, யார் எந்நாட்டவர், வாரக் கூலி எவ்வளவு என்று கேட்டறிந்து, வண்ணமிட்ட வரைபடங்களாக 1895இல் வெளியிட்டனர். பிற்காலத்தில் சிக்காகோ சமூகவியலின் அடையாளமாய் விளங்கிய நகர வரைபடம் முதலில் இப்பெண்களின் கையில் உருவாயிற்று என்பதை நாம் மறக்கலாகாது.

இக்காலச் சமூகவியலின் வலிமையும் எல்லையும் ஒரு நிகழ்ச்சியில் வெளிப்பட்டன. 1894இல் புல்மன் இரயில்பெட்டித் தொழிற்சாலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் நாடெங்கும் இரயில் போக்குவரத்தைத் தடுத்தது. பல்கலைக்கழகத்தின் வெளியூர்க் கல்விப் பிரிவில் பொருளியல் கற்பித்த எட்வர்டு பெமிஸ், நகரத்தின் முதல் பிரஸ்பிட்டேரியன் ஆலயத்தில் பேசியபோது இரயில்வே நிறுவனங்களின் போக்கையும் கண்டித்தார். தலைவர் ஹார்ப்பர் அவரை எச்சரித்தார். 1895இல் பெமிஸ் பதவி இழந்தார். அவருடைய கருத்துகள் அதற்குக் காரணமல்ல என்று பல்கலைக்கழகம் கூறியது. எனினும் உடன்பணியாற்றிய பலருக்கு எதைப் பேசலாம், எதைப் பேசலாகாது என்பது அன்று விளங்கிற்று. ஏழையின் துயரத்தை ஆராய்வதற்கு இடம் இருந்தது. அத்துயரத்திற்குக் காரணமானவரைச் சுட்டுவதற்கு இடம் குறுகிற்று.

3. பிரிவினை

1910க்குப் பின் துறையின் போக்கு மாறியது. அம்மாற்றத்தின் முன்னோடி மெதடிஸ்டுப் போதகர் ஒருவரின் மகனான வில்லியம் தாமஸ். போலந்து நாட்டிலிருந்து குடியேறிய உழவர்களைக் குறித்து ஃப்ளோரியன் ஸ்நானியெக்கியோடு சேர்ந்து அவர் எழுதிய ஐந்து தொகுதிகள் 1918 முதல் 1920 வரை வெளிவந்தன. குடியேறியோருக்கும் ஊரிலுள்ள உறவினருக்கும் இடையே சென்ற கடிதங்களைப் பத்திரிகை விளம்பரத்தின் மூலம் விலைகொடுத்துத் திரட்டி, அவற்றையே சான்றாகக் கொண்டார். இறைவனைத் துதிக்கும் வாழ்த்தோடு தொடங்கி, உறவினர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நலம் கேட்டு வணங்கும் அக்கடிதங்கள், குடும்பத்தின் ஒற்றுமை கடல் கடந்தும் குலையவில்லை என்று காட்டுவதற்காகவே எழுதப்பட்டவை என்று தாமஸ் கண்டார். அமெரிக்காவில் போலந்து மக்கள் எழுப்பிய பங்கு ஆலயம் வழிபாட்டிடம் மட்டுமன்று, இழந்த கிராமத்தின் இடத்தைப் பெற்ற சமுதாயமே என்றும் அந்நூல் கூறியது. குடியேறியோரைச் சீர்திருத்தப்படவேண்டியவர்களாக மட்டும் பார்த்த போதகர்களின் நோக்கிலிருந்து இது பெரிதும் வேறுபட்டது. சொந்த வாழ்வில் எழுந்த ஒரு பழியால் 1918இல் தாமஸ் பதவியிழந்தார். பல்கலைக்கழக அச்சகமும் முதலிரு தொகுதிகளுக்குப் பின் அந்நூலைக் கைவிட்டது.

தாமஸின் அழைப்பினால் துறைக்கு வந்தவர் ராபர்ட் பார்க். பல ஆண்டுகள் செய்தியாளராகத் தெருத் தெருவாய் அலைந்தவர். ஜெர்மனியில் பயின்றவர். காங்கோ மக்களுக்கு பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் ஆட்சி இழைத்த கொடுமைகளை எதிர்த்த சங்கத்தின் செயலாளராயிருந்தவர். பின்னர் டஸ்கீகியில் கறுப்பினத் தலைவர் புக்கர் வாஷிங்டனின் உதவியாளராக ஏறத்தாழ ஏழாண்டுகள் உழைத்தவர். 1914இல், ஐம்பதாம் வயதில், சிக்காகோவில் ஆசிரியரானார். அவரும், போதகர் மகனான எர்னஸ்ட் பர்ஜெஸும் சேர்ந்து 1921இல் வெளியிட்ட பாடநூலின் அட்டை பச்சை நிறம். மாணவர் அதனைப் பச்சை வேதாகமம் என்று அழைத்தனர். விளையாட்டாக எழுந்த அப்பெயரில் ஒரு காலமாற்றமும் தெரிகிறது.

நன்மை செய்யப் புறப்பட்ட சீர்திருத்தக்காரர்மேல் பார்க்குக்குப் பொறுமை இல்லை. தாம் யாருக்கு உதவுகிறார்களோ அவர்களை அறியாமலே அவர்கள் உதவுகிறார்கள் என்பது அவர் குறை. முதலில் போய்ப் பார், கேள், எழுது என்பதே அவர் மாணவருக்கு இட்ட கட்டளை. அது நியாயமான கட்டளைதான். ஆனால் அதன் மறுபக்கமும் உண்டு. கிரகாம் டெய்லர் நிறுவியிருந்த சமூகப்பணிப் பயிற்சிப் பள்ளி 1920இல் பல்கலைக்கழகத்தோடு இணைந்து சமூகசேவைக்கான தனிப் பள்ளியாயிற்று. சோஃபனிஸ்பா பிரெக்கின்ரிட்ஜ், ஈடித் அபட் ஆகிய ஆய்வறிஞர்கள் அங்கேயே நிலைபெற்றனர். அறிவு ஒரு கட்டடத்திலும் சேவை மற்றொரு கட்டடத்திலுமாகப் பிரிந்தன. ஆண்கள் பெரும்பாலும் முன்னதிலும், பெண்கள் பெரும்பாலும் பின்னதிலும் அமர்ந்தனர். ஹல் ஹவுஸ் பெண்களின் ஆய்வுப் பணி சமூகவியல் வரலாற்றிலிருந்து ஏறத்தாழ மறைந்துபோயிற்று. மேரி ஜோ டீகன் 1988இல் எழுதிய நூலே அதனைப் பரவலாக நினைவூட்டிற்று.

4. ஆய்வுப் புலங்கள்

இதன்பின் வந்த இருபது ஆண்டுகளே துறையின் பொற்காலம் எனப்படுகின்றன. அக்காலத்தின் ஆய்வுப் புலங்களை நான்காக வகுத்துக் காணலாம்.

முதலாவது நகர அமைப்பு. நகரம் நடுவிலிருந்து வெளிநோக்கி ஐந்து வளையங்களாக விரிகிறது என்று பர்ஜெஸ் 1925இல் விளக்கினார். நடுவே வணிக மையம், அதைச் சுற்றிப் புதிதாய்க் குடியேறியோர் நெருக்கமாய் வாழும் மாறுநிலைப் பகுதி, அதன்பின் தொழிலாளர் வீடுகள், அதன்பின் வசதியுள்ளோர் வீடுகள், இறுதியில் புறநகர். இக்கருத்து திருச்சபைக்கு எவ்வாறு பயன்படும் என்பதைப் பார்க், பர்ஜெஸ் ஆகியோரின் மாணவரும் சிக்காகோ இறையியல் கல்லூரி ஆசிரியருமான சாமுவேல் கின்சலோ காட்டினார். 1929இல் அவர் வெளியிட்ட கட்டுரை, மறைந்துகொண்டிருக்கும் ஒரு சபை எப்படிகளின் வழியே மறைகிறது என்பதை ஆராய்ந்தது. பழைய குடும்பங்கள் வெளி வளையங்களுக்குப் பெயர்கின்றன. புதிதாய் வந்தோர் வேறு மொழியினர், வேறு சபையினர். எஞ்சியோர் தொலைவிலிருந்து சில காலம் ஆலயத்திற்கு வருகின்றனர்; பின் அதுவும் நிற்கிறது. சபை குறைவதைப் போதகரின் பிரசங்கக் குறையாகவோ சபையாரின் விசுவாசக் குறையாகவோ மட்டும் கண்டவர்களுக்கு இவ்வாய்வு புதிய பார்வை தந்தது.

இரண்டாவது விளிம்பு மனிதர். நெல்ஸ் ஆண்டர்சன் தாமே வேலை தேடி ஊரூராய் அலைந்தவர். அத்தகைய நாடோடித் தொழிலாளரைப் பற்றிய அவர் நூல் 1923இல் வெளிவந்தது. நகரத்து மிஷன் கூடங்களை அத்தொழிலாளர் எவ்வாறு நோக்கினர் என்பதும் அதில் இடம்பெறுகிறது. உணவுக்காகவும் படுக்கைக்காகவும் கூட்டத்தில் எழுந்து மனந்திரும்புவோரை அவர்களே ஏளனமாகப் பேசினர் என்று அவர் எழுதியதை நற்செய்திப் பணியாளர் எவரும் அசட்டை செய்ய இயலாது.

மூன்றாவது இளைஞர் குற்றம். துறையின் மாணவராயிருந்த கிளிஃபர்டு ஷா, ஹென்றி மெக்கேயோடு சேர்ந்து, வழக்குமன்றப் பதிவேடுகளைக் கொண்டு குற்றம் புரிந்த சிறுவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார். ஒரே பகுதியில் முதலில் ஜெர்மானியரும் அயர்லாந்தினரும், பின்னர் போலந்தினரும் இத்தாலியரும் வாழ்ந்தனர். மக்கள் மாறியும் அப்பகுதியின் குற்ற விகிதம் உயர்ந்தே நின்றது. அப்பகுதியைவிட்டு வெளியேறிய இனத்தாரிடையே குற்றம் குறைந்தது. ஆகவே குற்றம் இரத்தத்தில் ஊறியதன்று, வாழிடத்தின் சீர்குலைவில் வேரூன்றியது என்பது அவர்கள் முடிவு. பிறப்பைக்கொண்டு மனிதரைப் பழிக்கும் வழக்கம் நிலைத்துள்ள எந்நாட்டிலும் இம்முடிவு சிந்திக்கத்தக்கது.

நான்காவது இன உறவு. 1919 ஜூலையில் ஏரிக்கரையில் ஒரு கறுப்பினச் சிறுவன் கல்லெறியால் நீரில் மூழ்கி இறந்ததைத் தொடர்ந்து மூண்ட கலவரத்தில் 38 பேர் மாண்டனர். அவர்களுள் 23 பேர் கறுப்பினத்தவர். அதனை விசாரித்த ஆணையத்தின் 1922ஆம் ஆண்டு அறிக்கையை உருவாக்குவதில் பெரும்பங்கு ஆற்றியவர் பார்க்கின் மாணவர் சார்ல்ஸ் ஜான்சன். அவரும் பாப்டிஸ்டுப் போதகர் ஒருவரின் மகன். பின்னாளில் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் முதல் கறுப்பினத் தலைவரானார். மற்றொரு கறுப்பின மாணவர் ஃபிராங்க்ளின் ஃபிரேசியர் சிக்காகோவின் கறுப்பினக் குடும்பங்களை ஆராய்ந்து 1932இல் நூல் வெளியிட்டார். 1948இல் அமெரிக்கச் சமூகவியல் சங்கத்தின் தலைவராகவும் விளங்கினார். கறுப்பினத் திருச்சபை பற்றிய அவர் நூல், 1962இல் அவர் மறைந்தபின் வெளிவந்தது.

5. பட்டியலில் இல்லாதவரும் வரைபடத்தின் ஆபத்தும்

இப்புலங்களின் பெருமையைக் கூறும்போது ஒரு கேள்வி எழுகிறது. இவ்வாய்வு முறை சிக்காகோவில்தான் தோன்றியதா? டு பாய்ஸ் என்னும் கறுப்பின அறிஞர் 1896-97இல் ஃபிலடெல்ஃபியாவின் ஏழாம் வட்டத்தில் வீடுவீடாகச் சென்று ஆராய்ந்து, 1899இல் தம் பெருநூலை வெளியிட்டார். அவரை அப்பணிக்கு அமர்த்திய பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் வகுப்பில் கற்பிக்கும் இடத்தை அவருக்குத் தரவில்லை. பின்னர் அட்லாண்டாப் பல்கலைக்கழகத்தில் மிகக் குறைந்த பொருளுதவியோடு ஆண்டுதோறும் ஆய்வுகள் நடத்தினார். 1903இல் வெளிவந்த கறுப்பினத் திருச்சபை பற்றிய ஆய்வு அவற்றுள் ஒன்று. ஆல்டன் மாரிஸ் 2015இல் வெளியிட்ட நூலில், அமெரிக்காவில் அறிவியல் முறையிலான சமூகவியலின் முதல் நிலைக்களம் டு பாய்ஸின் அட்லாண்டாவே என்றும், அவருடைய இடம் திட்டமிட்டு மறுக்கப்பட்டது என்றும் வாதிட்டுள்ளார். ஆராயப்படும் பொருளாகக் கறுப்பின மக்கள் பட்டியலில் இடம்பெற்றனர். ஆராயும் அறிஞராக இடம்பெறுவது அவர்களுக்கு எளிதாயிருக்கவில்லை.

மற்றொரு ஆபத்தையும் காணவேண்டும். தாவீது மக்களைத் தொகையிட்டபோது அது பாவமாயிற்று என்று 2 சாமுவேல் 24ஆம் அதிகாரம் கூறுகிறது. எண்ணுவதே குற்றமாயிருந்திருந்தால் மோசே எண்ணியதும் குற்றமாயிருக்கும். யாருக்காக எண்ணுகிறோம் என்பதே அங்குள்ள கேள்வி. சிக்காகோவின் வரைபடங்களுக்கும் இக்கேள்வி உரியது. அப்பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்ற ஹோமர் ஹாய்ட் 1933இல் நகரத்தின் நூறாண்டு நிலமதிப்பை ஆராய்ந்த நூலில், எந்த இனத்தார் குடியேறினால் நிலமதிப்பு எவ்வாறாகும் என்று இனங்களை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தினார். இயற்கைப் பண்பு என்ற நோக்கில் அவ்வரிசை தவறாயிருக்கலாம் என்று அவரே குறிப்பிட்டார். எனினும் 1934இல் தொடங்கிய கூட்டரசு வீட்டுவசதி நிருவாகத்தில் அவர் பொருளியல் அறிஞராக அமர்ந்தார். கறுப்பினத்தார் வாழும் பகுதிகளுக்கு வீட்டுக்கடன் உத்தரவாதத்தை மறுக்கும் கொள்கை அந்நிருவாகத்தில் வேரூன்றியது. கறுப்பினத்தாருக்கு வீட்டை விற்பதில்லை, வாடகைக்கும் விடுவதில்லை என்று வெள்ளையர் தமக்குள் எழுதிக்கொண்ட ஒப்பந்தங்களைக் காத்துவந்த சுற்றுப்புறச் சங்கங்களுக்கு, 1930களிலும் 1940களிலும் சிக்காகோ பல்கலைக்கழகமே ஆதரவளித்தது. 1948இல்தான் அத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாது என்று உச்சநீதிமன்றம் தீர்த்தது.

நகரம் மாறுவது இயற்கை விதிபோல நிகழ்வது என்று துறையின் நூல்கள் விளக்கிக்கொண்டிருந்தன. அதே வேளையில் அத்துறை அமர்ந்திருந்த நிறுவனம் அம்மாற்றத்தைத் தடுக்கப் பணம் செலவிட்டது. தன் வீட்டு வாசலில் நடப்பதைப் பட்டியலில் சேர்க்காத அறிவின் குறை இதுவே. செயின்ட் கிளேர் டிரேக், ஹோரஸ் கேட்டன் என்னும் இரு கறுப்பின ஆய்வாளர் 1945இல் வெளியிட்ட நூலே, கறுப்பின மக்களின் நகர்ப்பகுதி அவ்வொப்பந்தங்களால் எவ்வாறு அடைக்கப்பட்டது என்பதையும், கடைக்கட்டடங்களில் கூடிய சிறுசபைகள் முதல் பெரிய ஆலயங்கள்வரை அங்கிருந்த சமய வாழ்வையும் உள்ளிருந்து விளக்கிற்று.

6. திரும்பி வந்த அறிவு

வரலாறு இத்துடன் முடியவில்லை. யூதக் குடும்பத்தில் பிறந்த சால் அலின்ஸ்கி இத்துறையில் பயின்று, ஷாவின்கீழ் பணியாற்றியவர். ஒரு பகுதியின் சீர்குலைவை வெளியார் வந்து திருத்த இயலாது, அங்கு வாழ்வோரே ஒன்றுகூடவேண்டும் என்னும் முடிவுக்கு வந்தார். 1939இல் இறைச்சித் தொழிற்கூடங்களின் பின்புறத்துத் தெருக்களில், ஜோசஃப் மீகனோடு சேர்ந்து ஒரு மக்கள் மன்றத்தை அமைத்தார். ஒன்றையொன்று பகைத்த பல்வேறு நாட்டவரின் கத்தோலிக்கப் பங்குகளும் தொழிற்சங்கமும் அதில் ஒன்றாய் அமர்ந்தன. துணை ஆயர் பெர்னார்டு ஷீல் அதற்குத் துணைநின்றார்.

இருபது ஆண்டுகளுக்குப்பின், பல்கலைக்கழகத்தின் தெற்கேயுள்ள வுட்லான் என்னும் கறுப்பினக் குடியிருப்பில் நிலத்தைக் கையகப்படுத்திப் பல்கலைக்கழகம் விரிவடைய முற்பட்டது. அப்பகுதியின் கத்தோலிக்க, புராட்டஸ்டண்டுப் போதகர்கள் அலின்ஸ்கியின் உதவியை நாடினர். பெந்தெகொஸ்தே சபைப் போதகர் ஆர்தர் பிரேசியரின் தலைமையில் எழுந்த வுட்லான் அமைப்போடு பல்கலைக்கழகமும் நகராட்சியும் உட்கார்ந்து பேசவேண்டியதாயிற்று. போதகர்கள் தொடங்கிய துறையில் கற்ற ஒருவர், அத்துறையின் அறிவைக்கொண்டே, அப்பல்கலைக்கழகத்திற்கு எதிராகப் போதகர்களோடு நின்றார். 1920இல் இரு கட்டடங்களாகப் பிரிந்தவை இங்கு ஒரு தெருவில் மீண்டும் சந்தித்தன எனலாம். அலின்ஸ்கியின் முறைகளைக் குறித்து அன்றும் இன்றும் கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆனால் ஆராயப்பட்டோர் தாமே பேசத் தொடங்கினர் என்பதை மறுக்க இயலாது.

7. நமக்குரிய பாடம்

இவ்வறிவு மரபின் ஒரு கிளை நம்மிடமும் வந்தது. பார்க்கின் மருமகனான ராபர்ட் ரெட்ஃபீல்டு மானிடவியல் அறிஞர். அவரோடு உழைத்த மில்டன் சிங்கர் 1954-55இல் சென்னைக்கு வந்து ஆய்வைத் தொடங்கி, 1972இல் தம் நூலை வெளியிட்டார். பெருமரபு ஒன்று நவீன நகரத்தில் அழியாமல் தன்னை எவ்வாறு மாற்றியமைத்துக்கொள்கிறது என்பதே அவர் ஆய்வு. பஜனைக் குழுக்கள், கலைஞர், சமஸ்கிருத அறிஞர், தொழிலதிபர் ஆகியோர் அதில் பெரிதும் பேசுகின்றனர். சென்னையின் குப்பங்களிலும் சேரிகளிலும் வாழ்ந்தோருக்கு நவீனமும் மரபும் எவ்வாறு தோன்றின என்பதை அறிய நாம் வேறு நூல்களையே நாடவேண்டும். எந்தப் பட்டியலுக்கும் ஒரு விளிம்பு உண்டு.

சிக்காகோ வரலாறு நம் முன் வைப்பவை மூன்று. முதலாவது, அன்பு அறிவுக்கு ஈடாகாது. ஏழைகள்மேல் பரிவுகொண்ட போதகர்கள் அவர்களுடைய கடிதங்களை வாசித்ததில்லை. சேகரத்தின் ஞானஸ்நானப் பதிவேடும் சந்தாப் புத்தகமும் நம் கையில் இருப்பதனாலேயே மக்களை அறிந்துவிட்டோம் என்று கருதுவதும் அத்தகைய குறையே. யார் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர், ஏன் பெயர்ந்தனர், அவர்கள் வீட்டில் இப்போது யார் வாழ்கின்றனர் என்று கேட்பது மேய்ப்புப் பணிக்குப் புறம்பானதன்று.

இரண்டாவது, அறிவு அன்பிற்கு ஈடாகாது. மாணவர் ஒரு கிராமத்தில் சில வாரங்கள் தங்கி எழுதும் கள அறிக்கை மதிப்பெண் பெற்றதோடு அலமாரியில் முடங்குமானால், அக்கிராமத்தார் நமக்கு விடையளித்ததன் பயன் என்ன? நாம் கேட்டறிந்தது அவர்களுக்கே திரும்பிச் சென்றதா என்பதை ஒவ்வோர் ஆய்வின் முடிவிலும் கேட்கவேண்டும்.

மூன்றாவது, கேட்பவர் யார் என்பது கேள்வியையே மாற்றுகிறது. ஹல் ஹவுஸ் பெண்களும், டு பாய்ஸும், டிரேக்கும் கேட்டனரேயன்றி மற்றவர் கேட்காத கேள்விகள் பல. நம் சபைகளில் ஆய்வு செய்வோரும் அறிக்கை எழுதுவோரும் எவ்வகுப்பினர், எவ்வூரினர் என்று எண்ணிப்பார்த்தால் நம் பட்டியலில் விடுபட்டவை தாமே புலப்படும். சாதியைப் பற்றிய ஆய்வில், தன் சாதியைத் தவிர மற்றெல்லாவற்றையும் ஆராயும் மனிதன் பல்கலைக்கழகத்தில் மட்டும் இருப்பவன் அல்லன்.

எசேக்கியேல் கேபார் நதியண்டை சிறைப்பட்டோர் தங்கியிருந்த இடத்திற்குச் சென்றபோது, ஏழு நாள் அவர்கள் நடுவே பிரமித்தவனாய் உட்கார்ந்திருந்தான். அதன்பின்னரே அவனுக்கு வார்த்தை அருளப்பட்டது. உட்காராமல் பேசிய தீர்க்கதரிசியாக அவன் இருக்கவில்லை. உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டவனாகவும் இருக்கவில்லை. மக்களை அறிய விரும்பும் பல்கலைக்கழகமும், மக்களுக்கு ஊழியம் செய்ய விரும்பும் திருச்சபையும் அந்த ஏழு நாட்களை இன்னும் கற்றுக்கொள்ளவேண்டியனவாகவே உள்ளன.